ஏக்கருக்கு எத்தனை ஓட்டு

பக்கத்து வீட்டு மனுவேல் அண்ணனுக்கு அமெரிக்காவில் எந்த மாநிலம் இந்த முறை கைமாறும் என்று தெரியும். ஜெர்மனியில் தேர்தல் நடந்தால் கிழக்கே என்ன நிறம், மேற்கே என்ன நிறம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். எங்கள் தெருக் குழாயில் எந்தக் கிழமை தண்ணீர் வருகிறது என்பது மட்டும் அவருக்கு இன்றுவரை தெரியாது. அதைத் தெரிந்துவைத்துக்கொள்ளத்தான் தேவகுமாரி அக்காவைக் கட்டியிருக்கிறார்.

என் பெயர் ஜோஸ்லின். ஏற்காடு கடைவீதியில் தையல் கடை வைத்திருக்கிறேன். எனக்கு வாய் நீளம் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. மனுவேல் அண்ணனுக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்து பாருங்கள், யாருக்கும் வாய் நீளும்.

அவர் காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர். ஆள் வருகை எழுத வேறொருவர் இருந்தார். இவர் எழுதியது காட்டுக் கணக்கு. உரம், மருந்து, செடி வெட்டும் கவாத்து, நிழல் மரம் கழிப்பது எல்லாம் ஏக்கர் கணக்கில்தான். ஏக்கருக்கு இத்தனை மூட்டை, ஏக்கருக்கு இத்தனை ஆள். ரிட்டயர் ஆகும்வரை இதையே எழுதியதில், எதைப் பார்த்தாலும் முதலில் அதன் பரப்பளவைப் பார்க்கும் புத்தி வந்துவிட்டது. ஊரில் புதிதாக ஒரு சர்ச் கட்டினால் எந்தச் சபை என்று கேட்க மாட்டார், எத்தனை சென்ட் என்று கேட்பார்.

மகள் ஸ்டெஃபி பெங்களூரில் இருக்கிறாள். பேரப்பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கட்டும் என்று அப்பாவுக்கு ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுத்தாள். அவரும் ஒன்றிரண்டு ஞாயிற்றுக்கிழமை பார்த்தார். அப்புறம் ஏதோ ஒரு செய்தித் தளத்தில் தேர்தல் மேப்பைப் பார்த்துவிட்டார். அதோடு பேரப்பிள்ளைகள் கதை முடிந்தது. மேப்பில் ஒரு தொகுதியைத் தொட்டால் விரிகிறது, யார் முன்னிலை என்று சொல்கிறது, கொஞ்ச நேரத்தில் நிறம் மாறுகிறது. காடு காடாகப் பிரித்து எழுதிய மனுஷனுக்கு இதைவிடச் சொர்க்கம் வேறென்ன?

அவர் வீட்டில் சிக்னல் கிடைப்பது அடுப்படியில், கிரைண்டர் இருக்கும் மூலையில் மட்டும். உலகத்தில் எங்கே ஓட்டு எண்ணினாலும் அந்த மூலையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். அக்கா ஊறவைத்த அரிசியைத் தூக்கிக்கொண்டு மாவரைக்க எங்கள் வீட்டுக்கு வருவார்.

"இன்னைக்கு எந்த நாடுங்க்கா?" என்று கேட்பேன்.

"தெரியல கண்ணு. பனி பேயற நாடாம்" என்பார்.

நம் மாநிலத் தேர்தல் முடிவு வரும் நாள் என்றால் கேட்கவே வேண்டாம். கூடத்தில் டிவி அலறும். ஒரு சேனலில் ஒரு கட்சி நூறைத் தாண்டியிருக்கும். அடுத்த சேனலில் அதே கட்சி தொண்ணூறில் நிற்கும். மூன்றாவது சேனல், பெட்டியைத் திறக்கும் முன்பே முன்னிலை போட்டிருக்கும். அண்ணன் எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுப்பார். பிறகு மேப்பைப் பார்த்து, எந்த நிறம் அதிக இடத்தை அடைத்திருக்கிறதோ அந்தக் கட்சிக்கு ஆட்சியைக் கொடுத்துவிடுவார். சென்னையை விரலால் தொட்டுப் பார்த்து, "இத்துனூண்டு ஊருக்கு இத்தனை தொகுதியா? மேப்பு போட்டவனுக்கு அளவே தெரியல" என்று ஒருமுறை கோபப்பட்டார். அந்த வருஷம் அவர் ஆட்சி கொடுத்த கட்சி எதிர்க்கட்சி ஆனது. மறுநாள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டுமே, மூச்.

இப்படியே உலகத்துக்கு ஆட்சி கொடுத்துக்கொண்டிருந்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை. ஆனால் தேவகுமாரி அக்கா தேர்தலில் நின்றார்.

அக்கா அதே எஸ்டேட் டிஸ்பென்சரியில் நர்ஸுக்கு உதவியாக இருந்தவர். எஸ்டேட் கைமாறியதும் டிஸ்பென்சரியை மூடிவிட்டார்கள். எஸ்டேட்டில் வேலை பார்த்த பழைய குடும்பங்கள் எல்லாம் மேட்டுக் காலனிக்குக் குடிபோயின. சரிவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் வீடுகள். அங்கே துணை சுகாதார நிலையம் என்று ஒன்று கட்டினார்கள். பெயின்ட் அடித்தார்கள், பெயர்ப் பலகை மாட்டினார்கள், பூட்டினார்கள். நர்ஸ் வரவே இல்லை. போன மழைக்காலத்தில் காலனிப் பெண் ஒருத்திக்கு ராத்திரி வலி கண்டு, ஜீப்பில் கொண்டுபோகும் வழியில் கொண்டை ஊசி வளைவிலேயே பிரசவமாகிவிட்டது. குழந்தை தங்கவில்லை. அந்த ஜீப்பில் அக்காவும் இருந்தார்.

வந்து என் கடையில் உட்கார்ந்தார். அப்புறம் சொன்னார்: "அந்தப் பூட்டைத் தொறக்கோணும் ஜோஸ்லின். மனுக் குடுத்துக் குடுத்து ஓஞ்சு போச்சு. உள்ள போயி உக்காந்து கேட்டாத்தான் கேப்பாங்க. நான் ஒன்றியக் கவுன்சிலருக்கு நிக்கப் போறேன்."

அவருக்கு ஓட்டுப் போடாமல் யாருக்குப் போடுவார்கள்? அந்தப் பக்கம் பாதிப் பிள்ளைகளின் முகத்தை முதலில் பார்த்தவர் அவர்தான். எதிரே நின்றவர்களில் பெயர் சொல்லும்படி இருந்தது கவிதா ஒருத்திதான். மகளிர் குழு நடத்தும் சின்னப் பெண், இடுப்பில் எப்போதும் கைக்குழந்தை.

மனுவேல் அண்ணனுக்கும் சந்தோஷம்தான். பூட்டைப் பற்றி அல்ல, மேப்பைப் பற்றி. இத்தனை நாள் ஊரான் போட்ட மேப்பைப் பார்த்தார். இப்போது சொந்த மேப். நாமே வரைந்து நிறம் கொடுக்கும்படி ஒரு இணையதளம் இருக்கிறதாம். கிரைண்டரை நகர்த்தி வைத்துவிட்டு வேலையில் இறங்கினார். எங்கள் ஒன்றிய வார்டு அந்தத் திரையில் முளைத்தது. இந்தப் பக்கம் ஒரு பெரிய எஸ்டேட், மாரமங்கலம் போகிற வழியில் இன்னொன்று, தலைச்சோலைப் பக்கம் மூன்றாவது. எல்லாவற்றையும் பெருக்கிப் பார்த்தார். ஏக்கருக்கு இத்தனை ஆள், அத்தனை ஆளும் அக்காவுக்கு. முழுக்கப் பச்சை. மேட்டுக் காலனி ஒரு மிளகு அளவுக்கு ஓரத்தில் கிடந்தது. கீழே கட்டம் கட்டி "கவிதா: பூஜ்யம்" என்று எழுதினார்.

"அண்ணா, இப்ப எஸ்டேட்டுல வேலை செய்யறது பூராவும் ஜார்க்கண்டு, ஒடிசாக்காரங்க. அவங்களுக்கு இங்க ஓட்டு ஏதுங்ணா?" என்று, மேப்பைக் காட்ட என் கடைக்கு வந்தவரிடம் கேட்டேன்.

"ஏக்கருக்கு ஆள் இருக்குதா இல்லையா?"

"ஆள் இருக்குதுங்ணா. ஓட்டு அவங்க ஊர்ல இருக்குது."

"நீ துணி வெட்டறவ. உனக்கு இந்த அளவெல்லாம் புடிபடாது கண்ணு" என்றார். அளவு எனக்குப் பிடிபடாதாம். எடுத்த கத்தரிக்கோலை மறுபடி கீழே வைத்தேன். அக்கா முகத்துக்காகத்தான்.

அந்த மேப் சபை வாட்ஸ்அப் குரூப்பில் போனது. வியாபாரிகள் குரூப்பில் போனது. மேட்டுக் காலனி மகளிர் குரூப்பிலும் போனது. பார்த்தவர்கள் எல்லாம் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். அண்ணன் ஒவ்வொரு விரலையும் ஓட்டாக எண்ணிக்கொண்டார்.

பிரச்சாரம் மேப்பின்படி நடந்தது. எல்வின் என்று ஒரு பையன், ஜீப் ஓட்டுகிறவன், பணம் வேண்டாம் டீசல் போட்டால் போதும் என்று வந்தான். முன் சீட்டில் லேப்டாப்போடு அண்ணன். பின்னால் அக்காவும் நானும். பெரிய எஸ்டேட்டில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் போய் இறங்கினோம். காபி பறித்துவிட்டு வந்த வடநாட்டுப் பிள்ளைகள் மரியாதையாக எழுந்து நின்றார்கள். அக்கா பேசினார். அவர்கள் சிரித்தார்கள். நோட்டீஸை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள். ஒரு சின்னப் பெண் காய்ச்சலில் கிடந்த தன் குழந்தையைக் கொண்டுவந்து காட்டினாள். அக்கா பிரச்சாரத்தை விட்டுவிட்டு வெந்நீர் வைக்கச் சொல்லி, துணி நனைத்து, குழந்தையோடு உட்கார்ந்துவிட்டார். திரும்பும்போது அண்ணன் அந்த எஸ்டேட்டின் பச்சையை இன்னும் அழுத்தமான பச்சையாக மாற்றி, அன்றைக்குப் போன இடம் என்று எல்லா குரூப்பிலும் போட்டார்.

அக்கா தினமும் ஒன்றைக் கேட்டுக்கொண்டே இருந்தார். "ஏனுங்க, காலனிக்கு எப்பப் போறது?"

"அது மூணு ஏக்கர்கூடத் தேறாது புள்ள."

"இருந்தாலும் ஊடு ஊடாப் போயிக் கேக்கோணும்ல?"

"நீ பிரசவம் பாத்த சனம். நம்ம சனத்துக்கிட்ட நாமளே போயி என்னத்தக் கேக்கறது? கேட்டாத்தான் அவங்களுக்கு வருத்தமாயிரும்."

இப்படி ஒரு பேச்சை இந்த மலையில் பிறந்து வளர்ந்தவர் பேசுவாரா? இங்கே காது குத்துக்குக்கூட வீட்டுக்கு வந்து, வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்டால்தான் போவார்கள். போனில் சொன்னால் அது அழைப்பே இல்லை. பத்திரிகையைப் பக்கத்து வீட்டில் கொடுத்தனுப்பியதற்காகக் கூடப் பிறந்த அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்கே போகாதவர்கள் உண்டு. மனுவேல் அண்ணனே அப்படி ஒரு கல்யாணத்துக்குப் போகாமல் முறுக்கிக்கொண்டு இருந்தவர்தான். அதை எடுத்துச் சொன்னேன். "கல்யாணம் வேற, தேர்தல் வேற. இது விஞ்ஞானம்" என்றார்.

அக்கா கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். பிரச்சாரத்தின் கடைசி நாளைக் காலனிக்கு ஒதுக்கிவிட்டார். அன்றைக்குக் காலையில் அண்ணன் மேப்பை உற்றுப் பார்த்தார். செம்மநத்தம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு காபிக் காடு வெளிர் பச்சையாக இருக்கிறது, அதை முடித்துவிட்டுக் காலனிக்குப் போகலாம் என்றார். போனோம். அந்தக் காட்டில் ஒரு காவல்காரரும் அவர் நாயும் இருந்தார்கள். காவல்காரருக்கு ஓட்டு ஓமலூரில். திரும்பும் வழியில் மழை பிடித்து, குறுகலான ரோட்டில் மரம் சாய்ந்து, ஜீப் அங்கேயே நின்றது. பிரச்சார நேரம் முடிந்துவிட்டது. அக்கா ஜீப்புக்குள் சேலை முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தார். "கட்டாயப்படுத்தி நான் போயிருக்கோணும். அவர் சொன்னாருன்னு விட்டுட்டேன்" என்றார். அண்ணன் முன் சீட்டில் அந்த ஒரு காட்டையும் அழுத்தமான பச்சையாக்கிக்கொண்டிருந்தார்.

ஓட்டு எண்ணும் நாள். அக்காவும் எல்வினும் எண்ணிக்கை நடக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. ஒவ்வொரு பெட்டி முடிந்ததும் எல்வின் கேட்டுக்கு வெளியே வந்து கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. நான் கடையைப் பூட்டிவிட்டு அண்ணனோடு அடுப்படி மூலையில் உட்கார்ந்தேன். தெருவே அந்த அடுப்படியில் நின்றது.

உள்ளாட்சித் தேர்தலில் பதவிக்கு ஒரு நிறமாக இருக்கும் வாக்குச் சீட்டுகளைப் பிரித்து அடுக்கவே மத்தியானம் ஆகிவிடும். டிவிக்காரர்கள் எங்கள் வார்டை எல்லாம் எட்டிக்கூடப் பார்ப்பார்களா? மாவட்டத்துக்கு ஒரு வரி கீழே ஓடியது. சேலம் என்று வருவதற்குள் விளம்பரம் வந்தது.

முதல் போன். பெரிய எஸ்டேட் பெட்டி. "அக்கா பதினெட்டு ஓட்டு முன்னிலைங்ணா!" என்று எல்வின் கத்தினான். அண்ணன் தொட்டார். அந்த எஸ்டேட் முழுக்கப் பச்சையாகப் பற்றிக்கொண்டது. அத்தனை பெரிய காட்டில் பதிவானதே நூற்றுச் சொச்சம் ஓட்டுதான் என்று எல்வின் சொன்னதை நான் மட்டும்தான் கேட்டேன். அடுத்த பெட்டியில் ஒன்பது. அதற்கடுத்ததில் பதினொன்று. மேப் பச்சைப் பசேல் என்று ஆனது. தெரு கைதட்டியது. அண்ணன் மேப்பைப் படம் எடுத்து, "தேவகுமாரி அமோக முன்னிலை" என்று எழுதி எல்லா குரூப்பிலும் போட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பதா சுவரில் முட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. மேக்ஸ்வெல் என்று ஒருவன் போனிலேயே உள்ளூர்ச் செய்திச் சேனல் நடத்துகிறான். அவன் குரூப்பில் இருந்த அண்ணனின் மேப்பை எடுத்து, சிவப்புப் பட்டை போட்டு, பின்னணியில் மத்தளம் அடித்து, "பிரேக்கிங்: தேவகுமாரி வெற்றி உறுதி" என்று வெளியிட்டான். அது சுற்றிக்கொண்டு அண்ணன் போனுக்கே வந்தது. அண்ணன் துள்ளி எழுந்தார்.

"பாத்தியா ஜோஸ்லின்! நான் சொன்னா நம்ப மாட்டே. இப்ப நியூஸ்லயே சொல்லிட்டான்!"

"அண்ணா, அது நீங்க போட்ட மேப்புங்ணா. மூலையில உங்க பேரு இருக்குது."

"மேப்பு என்னுதுதான். செய்தி அவனுது. ரெண்டும் ஒண்ணாச் சொல்லுதே, அப்பறம் என்ன?" என்று சொல்லி ஜிலேபி வாங்க ஆள் அனுப்பினார்.

கடைசிப் பெட்டி மேட்டுக் காலனி. போன் வரவில்லை. அண்ணன் ஜிலேபியை எடுத்து எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து எல்வின் கூப்பிட்டான். கத்தவில்லை. "காலனிப் பெட்டி மொத்தமா கவிதாவுக்குப் போயிருச்சுங்ணா. முப்பத்தோரு ஓட்டுல தோத்துட்டோம். அக்கா ஜீப்புல உக்காந்திருக்காங்க. கூட்டிட்டு வாரேன்" என்றான்.

அண்ணன் மிளகு அளவு இருந்த அந்த இடத்தைத் தொட்டார். அது சிவப்பானது. மற்ற இடமெல்லாம் பச்சையாகவே இருந்தது. அவர் பெரிதாக்கிப் பார்த்தார், சிறிதாக்கிப் பார்த்தார். "இத்தனை பச்சை இருக்கறப்ப எப்படித் தோக்க முடியும்? கூட்டறதுல தப்புப் பண்ணிட்டாங்க" என்றார். வாயில் ஜிலேபியோடு தெரு மெல்லக் கலைந்தது.

அக்கா வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். அண்ணன் லேப்டாப்பைத் திருப்பி, "பரப்பளவுல பாத்தா நாமதான் புள்ள..." என்று ஆரம்பித்தார். அக்கா அவரைப் பார்த்தார். அவர் வாயை மூடிக்கொண்டார். எனக்குத் தெரிந்து அது முதல் தடவை.

அப்போது வெளியே குலவைச் சத்தம் கேட்டது. மேட்டுக் காலனிப் பெண்கள் ஏழெட்டுப் பேர் தெருவில் வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் காளியாயி, கையில் ஒரு சாமந்தி மாலை. அக்கா பிரசவம் பார்த்த முதல் பிள்ளை அவள் மகன்தான்.

"அக்காவ்! ஜெயிச்சுப்புட்டீங்களாமே! போன்ல நியூஸ் பாத்த ஒடனே ஓடியாந்தோமுங்க!"

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "ஜெயிக்கல காளியாயி. தோத்துட்டாங்க. அதுவும் உங்க பெட்டியில" என்றேன்.

குலவை நின்றது. காளியாயி மாலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எப்படிங்க? ரைட்டரு மேப்புல எல்லாம் உங்குளுதுன்னுதானே போட்டிருந்தாரு?"

அவளே மெதுவாகச் சொன்னாள். "அந்தக் கவிதாப் புள்ள கைக்கொழந்தையத் தூக்கிட்டு மழையில ஊடு ஊடா வந்து கேட்டுதுங்க. ரைட்டரு அதுக்கு முட்டை போட்டிருந்தாரு. பாவமாப் போச்சு. உங்குளுக்குத்தான் அத்தனை ஓட்டு இருக்குதே, நான் ஒருத்தி அதுக்குப் போட்டா என்ன கொறஞ்சு போவுதுன்னு போட்டுட்டேனுங்க."

பின்னால் நின்ற சிவசக்தி திடுக்கிட்டு, "நீயுமா? நான் மட்டுந்தான்னு நெனச்சேன்!" என்றாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் தலையைக் குனிந்தாள். அதற்குப் பக்கத்தில் இருந்தவளும் குனிந்தாள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் அத்தனை பேரும் வாசலில் நின்றார்கள்.

"நான் வந்து கேட்டிருந்தா?" என்று அக்கா கேட்டார்.

"கேட்டிருந்தா எப்படிங்க மாத்திப் போடுவோம்?" காளியாயிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நீங்க எங்கெங்கயோ போறதா மேப்புல பாத்தோம். எங்க தெருவுக்கு வரலீங்களே. எங்க ஓட்டு வேண்டியதில்லையாட்ட இருக்குதுன்னு இருந்துட்டோமுங்க."

மனுவேல் அண்ணன் லேப்டாப்பை மூடும் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். அந்தப் பூட்டு இனி எத்தனை மழைக்குத் தொங்கப் போகிறதோ என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கொண்டுவந்த மாலையை என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. திருப்பிக் கொண்டுபோகவும் மனசில்லை. காளியாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை அக்கா கழுத்திலேயே போட்டாள். போட்டுவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னாள்.

"வெசனப்படாதீங்க்கா. ஜெயிச்சிருந்தா மீட்டிங்கு, ஆபீசுன்னு நொம்ப அலைச்சலாயிரும். என்ற மருமவளுக்கு இது ஒம்பதாம் மாசமுங்க. இப்ப நீங்க ஊட்டுலயே இருப்பீங்கல்ல? கூப்பிட்டா வந்துருவீங்கல்ல?"

அக்கா அந்த மாலையோடு நின்றார். "வாரேன் சாமி. எந்நேரமானாலும் கூப்பிடு" என்றார்.